சிறு நகரச் சாலையில் முதன்முறையாகக் கார் ஓட்டப் போகிறவர்களுக்கு: எல்.எல்.ஆர். முதல் ரயில்வே கேட் வரை

சென்னையில் இருந்த இருபது ஆண்டுகளும் மின்சார ரயிலிலும் மாநகரப் பேருந்திலும் போய்வந்த எனக்கு, 43 வயதில் தென்காசிப் பக்கம் சொந்த ஊருக்குத் திரும்பிய பிறகுதான் கார் ஓட்ட வேண்டிய தேவை வந்தது. அம்மாவை மாதம் இருமுறை திருநெல்வேலியில் உள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் வாடகைக் காருக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. இரண்டு மாதத்தில் முடிந்திருக்க வேண்டிய காரியம் எனக்கு ஐந்து மாதம் இழுத்தது. உரிமம் கைக்கு வந்த பிறகுதான், அதற்காக நான் கற்றுக்கொண்டது தேர்வுத் திடலுக்கு மட்டுமே போதுமானது என்பதும், ஆட்டு மந்தையும் கொள்ளுச் செடியும் மினி பஸ்ஸும் கோவில் கொடை விழாப் பந்தலும் உள்ள எங்கள் ஊர்ச் சாலையைத் தனியாகப் பழக வேண்டும் என்பதும் புரிந்தது. இரண்டையும் ஒரே காலத்தில் முடித்துவிட முடியும். அதற்கான வரிசை கீழே இருக்கிறது. சில ஆபத்துகள் வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் சிரிப்பு வரும். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருக்கு அவை சிரிப்புக்குரியவை அல்ல என்பதால் அவற்றுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. விண்ணப்பிக்கும் முன் பெயரையும் முகவரியையும் ஒன்றாக்குங்கள்

என் ஐந்து மாதத்தில் முதல் ஆறு வாரம் இதிலேயே போனது. ஆதாரில் என் பெயருக்குப் பின்னால் முதலெழுத்து இருந்தது. பள்ளிச் சான்றிதழில் தந்தை பெயர் முழுதாக இருந்தது. முகவரியோ இன்னும் சென்னை முகவரியாகவே இருந்தது. ஆதாரில் உள்ள பெயர்தான் உரிமத்தில் ஏறும் என்பதால், கடவுச்சீட்டு, வங்கிக் கணக்கு, வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி. ஆகியவற்றில் உள்ள எழுத்துகளோடு அதை ஒரு தடவை வைத்துப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் விண்ணப்பத்தைத் தொடங்காமல் முதலில் ஆதாரைத் திருத்துங்கள். ஆதாரோடு இணைத்த கைப்பேசி எண் உங்கள் கையில் உள்ள எண்தானா என்பதையும் அதே மூச்சில் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு படியிலும் கடவு எண் (ஓ.டி.பி.) அந்த எண்ணுக்குத்தான் வரும்.

வயதுச் சான்றுக்குப் பள்ளிச் சான்றிதழோ பிறப்புச் சான்றிதழோ, முகவரிக்கு ஆதாரோ கடவுச்சீட்டோ போதும். உடல்தகுதிக்குப் படிவம் 1 என்ற சுய உறுதிமொழியை நீங்களே நிரப்பலாம். 40 வயதைக் கடந்தவர்கள் மட்டும் படிவம் 1ஏ-வில் பதிவு பெற்ற மருத்துவரின் சான்றைப் பெற்று வைக்க வேண்டும். இந்தச் சான்று இல்லாமல் விண்ணப்பத்தைத் தொடங்கி, பாதியில் நின்றுபோய், மறுபடி முதலிலிருந்து தொடங்கியவன் நான். கண்ணாடி அணிபவர்கள் அதற்கு முன்பே கண் பரிசோதனையைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

2. எல்.எல்.ஆர்.: செலவும் நாட்களும்

நடுவண் அரசின் பரிவாகன் தளத்தில் உள்ள 'சாரதி' பகுதியில், மாநிலமாகத் தமிழ்நாட்டைத் தேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். எல்.எல்.ஆர். எனப்படும் பழகுநர் உரிமத்துக்கு ஒரு வண்டி வகைக்கு 150 ரூபாய், அதற்கான கணினித் தேர்வுக்கு 50 ரூபாய். பிறகு ஓட்டுநர் தேர்வுக்கு ஒரு வகைக்கு 300 ரூபாய், உரிம அட்டைக்கு 200 ரூபாய். காருக்கு மட்டும் எடுத்தால் மொத்தம் 700. கியர் உள்ள இருசக்கர வண்டியையும் சேர்த்தால் 1,150. இவற்றோடு மாநிலத்தின் சேவைக் கட்டணம் சேர்ந்து திரையில் வரும் தொகையே இறுதியானது. யாராவது இதற்கு மேல் கேட்டால் எதற்கு என்று கேட்டு, ரசீதும் கேளுங்கள்.

இருசக்கர வண்டிக்கு உரிமம் இல்லாதவர்கள் இரண்டு வகைக்கும் சேர்த்தே விண்ணப்பிப்பது நல்லது. சிறு நகரத்தில் காரை நிறுத்த இடமில்லாத தெருவுக்கு எப்படியும் ஸ்கூட்டரில்தான் போகப் போகிறீர்கள். உரிமம் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் அபராதம் 5,000 ரூபாய். வீட்டில் உள்ள பதினேழு வயதுப் பிள்ளையிடம் "கடைக்குப் போய்ட்டு வா" என்று வண்டிச் சாவியைக் கொடுப்பது எங்கள் ஊரில் சாதாரணம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அதற்குப் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு.

கணினித் தேர்வில் 60 விழுக்காடு சரியாக இருந்தால் தேர்ச்சி. சாலைக் குறியீடுகளை இரண்டு மாலை உட்கார்ந்து படித்தால் போதும், தமிழிலேயே எழுதலாம்.

எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். அது கிடைத்து 30 நாள் ஆன பிறகே ஓட்டுநர் தேர்வுக்குப் போகலாம். அந்த ஒரு மாதத்தைக் காத்திருப்புக் காலமாக எண்ணி வீணாக்கியதுதான் நான் செய்த பெரிய தவறு. உண்மையான படிப்பு அப்போதுதான் நடக்க வேண்டும்.

3. பயிற்சிப் பள்ளியிடம் பணம் கட்டுவதற்கு முன் பேச வேண்டியவை

நான் 8,500 ரூபாய் கட்டினேன். இருபது வகுப்பு என்று சொன்னார்கள். முதல் ஒன்பது வகுப்பு, காலை 6 மணிக்கு, ஆளில்லாத புறவழிச் சாலையில், நேர்க்கோட்டில். மீதி வகுப்புகள் தேர்வுத் திடலில் முன்னும் பின்னும். ஒருநாள்கூடப் பேருந்து நிலையத்தின் முன்னால் ஓட்டவில்லை. மலையேற்றத்தில் வண்டியை நிறுத்தி எடுக்கவில்லை. இரவில் ஒரு தடவையும் இல்லை. பள்ளியைக் குறைசொல்வதற்கு முன்னால், நான் எதையும் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

நீங்கள் கேளுங்கள். பணம் கட்டும்போதே, குறைந்தது ஐந்து வகுப்பு காலை 8:30-க்கோ மாலை 4:30-க்கோ, அதாவது பள்ளிக்கூடம் தொடங்கும், விடும் நேரத்தில் கடைவீதி வழியாக வேண்டும் என்றும், இரண்டு வகுப்பு இருட்டிய பிறகு வேண்டும் என்றும், ஒரு வகுப்பு சந்தை நாளில் வேண்டும் என்றும் சொல்லுங்கள். திருநெல்வேலி சாலையில் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தை வழியாக ஒருநாள் ஓட்டிவிட்டால், கிளட்சை எவ்வளவு நுணுக்கமாக விட வேண்டும் என்பதைக் கால் தானாகக் கற்றுக்கொள்ளும். மிளகாய் மூட்டை ஏற்றிய சரக்கு ஆட்டோ பின்னோக்கி வரும். அதற்குப் பின்னால் ஒருவர் கூடையோடு நிற்பார். உங்களுக்குப் பின்னால் பேருந்து ஹாரன் அடிக்கும். பக்கத்து இருக்கையில் இரண்டாவது பிரேக்கோடு பயிற்சியாளர் இருக்கும்போதே இந்தச் சூழலைச் சந்தித்துவிட வேண்டும்.

சொந்தக் காரில் பழகுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் ஓட்டும்போது முறையான உரிமம் உள்ளவர் ஒருவர் வண்டியை நிறுத்தக்கூடிய வகையில் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' பலகை, 18 சென்டிமீட்டர் சதுரத்தில், இருக்க வேண்டும். இதை விட்டுவிட்டு எங்காவது இடித்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிட இடமுண்டு.

4. ஓட்டுநர் தேர்வு

தேர்வுக்கு எந்த வகை வண்டிக்கு விண்ணப்பித்தீர்களோ அந்த வகை வண்டியோடு போக வேண்டும். பள்ளியின் காரில் போனால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். சொந்த வண்டி என்றால் ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று மூன்றும் நடப்பில் இருக்க வேண்டும். இருசக்கர வண்டிக்கு '8' போடும்போது கால் தரையைத் தொடக்கூடாது. காரில் பின்னோக்கி ஓட்டுவதில்தான் பலரும் தோற்கிறார்கள். நானும் முதல் முறை அதில்தான் தோற்றேன். மறுதேர்வுக்கு 7 நாள் கழித்துப் போகலாம். மூன்று முறை தோற்றால் 60 நாள் காத்திருக்க வேண்டும். ஆகவே பின்னோக்கி ஓட்டுவது கைவராமல் அவசரப்பட்டுத் தேதி வாங்காதீர்கள். கை சைகைகளையும் கேட்பார்கள்.

தேர்ச்சி பெற்றால் உரிமம் அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரில் வந்துவிடும், அட்டை அஞ்சலில் வரும். 30 வயதுக்குள் எடுத்தவர்களுக்கு 40 வயது வரை செல்லும். 30 முதல் 50 வயதுக்குள் எடுத்தவர்களுக்கு 10 ஆண்டு.

5. வண்டியில் என்னென்ன காகிதம்

உரிமம், ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று. டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகன் செயலியிலோ காட்டினால் சட்டப்படி செல்லும். ஆனால் மலையடிவாரத்தில் பல இடங்களில் அலைவரிசை கிடைக்காது. நான்கின் நகலையும் எடுத்து டேஷ்போர்டில் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுவையுங்கள்.

காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய கார் வாங்கும் பலரும் மூன்றாம் தரப்புக் காப்பீட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 2022 ஜூனில் வந்த கட்டண விகிதப்படி 1,000 முதல் 1,500 சி.சி. வரையிலான காருக்கு அது ஆண்டுக்கு 3,416 ரூபாய், வரி தனி. அது நீங்கள் இடித்த மனிதருக்கும் பொருளுக்கும்தான். மாடு மோதி உங்கள் பம்பரும் ரேடியேட்டரும் போனால் அதிலிருந்து ஒரு ரூபாய் வராது. சிறு நகரத்தில் முதல் ஆண்டு ஓட்டுகிறவர்களுக்கு முழுக் காப்பீடு தேவை என்பதே என் உறுதியான கருத்து.

6. ஊரின் நாட்காட்டியைத் தெரிந்துகொள்ளுங்கள்

எந்த மாதம் சாலையில் என்ன இருக்கும் என்பது உள்ளூர் ஓட்டுநர்களுக்கு மனப்பாடம். புதியவருக்குத்தான் அது தெரியாது.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலச் சாரல். சாலை நனைந்தும் நனையாமலும் வழுக்கும்; வெளியூர் வேன்கள் அருவிக்குத் திரும்பும் இடம் தெரியாமல் நட்ட நடுவில் நிற்கும். ஆடியில் சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழா வரும்போது அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தால் வேறு நாள் பார்த்துக்கொள்ளுங்கள். கார்த்திகை முதல் தேதியிலிருந்து தை முதல் தேதி மகர விளக்கு வரை, செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளம் செல்லும் கொல்லம் – திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை 744-ல் சபரிமலை வண்டிகள் இரவு பகலாக ஓடும். அந்த ஓட்டுநர்களில் பலர் இரண்டு நாள் தூங்காதவர்கள். அதே சாலையில் எம்-சாண்ட் லாரிகளும் வரிசையாகப் போகும். உரிமம் வாங்கிய முதல் மாதத்தில் புளியரை மலைப்பாதையில் ஏறாதீர்கள். மார்கழி, தை மாதங்களில் திருச்செந்தூருக்குப் பச்சை உடையில் பாதயாத்திரை போகிறவர்கள் விடியற்காலை இருட்டில் சாலையின் இடது ஓரமாக நடப்பார்கள். அவர்களுக்குப் பின்பக்கம் கண் இல்லை என்பதை நாம்தான் நினைவில் வைக்க வேண்டும். பங்குனி உத்திரத்தன்று எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம் குலதெய்வமான சாஸ்தா கோவிலுக்குப் புறப்படும். ஆள் போகாத காட்டுப் பாதைகூட அன்று வண்டிகளால் அடைபட்டிருக்கும்.

கொடைக் காலத்தில் தெருவின் குறுக்கே பந்தல் எழும்பும்; நேற்று வரை வழியாக இருந்தது இன்று வில்லுப்பாட்டு மேடையாக இருக்கும். அதைப் பற்றிய பலகை எங்கும் இருக்காது. ஊருக்குள் நுழையும் இடத்தில் குழல்விளக்கு அலங்காரமோ ஒலிபெருக்கிச் சத்தமோ தென்பட்டால், உள்ளே மாட்டிக்கொள்வதற்கு முன் நிறுத்தி ஒருவரிடம் கேளுங்கள். இறுதி ஊர்வலம் போன சாலையில் சிதறிய செவ்வந்தியும் ரோஜாவும் மழை பெய்தால் எண்ணெய் மாதிரி வழுக்கும். அதில் பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேண்டாம்.

இனி, இந்த நாட்காட்டியில் மிக முக்கியமானது: தானியம் உலர்த்தும் பருவம். பிசானம் என்ற நெல் பருவத்தின் அறுவடை நேரத்தில் சாலையின் ஒரு பாதியில் நெல்லைக் காயவைத்து, அதன் ஓரத்தில் கல் அடுக்கியிருப்பார்கள். நெல்லை எடுத்த பிறகும் கல் அங்கேயே இருக்கும். இரவில் அந்தக் கல்தான் ஆளைக் கவிழ்க்கும். தை, மாசி மாதங்களில் உளுந்து, எள், கொள்ளு ஆகியவற்றைச் செடியோடு பிடுங்கிச் சாலையில் பரப்பி, போகிற வண்டிகளின் சக்கரத்தாலேயே போரடிப்பார்கள். கொள்ளுவைக் 'காணம்' என்பது எங்கள் வழக்கம். அந்தச் செடிகள் கொடி கொடியாக நீண்டு பின்னிக் கிடக்கும். உயரம் குறைந்த கார் அதன் மேல் போனால் கொடி அச்சில் சுற்றிக்கொள்ளும். புகைப்போக்கிக் குழாயின் சூட்டில் தீப்பிடிக்கும்.

எனக்கு இது நடந்தது. மாசி மாதம், மதியம் இரண்டு மணி, பின்னிருக்கையில் அம்மா. ஏறத்தாழ நூறு மீட்டருக்குக் காணச் செடி முழங்கால் உயரத்தில் கிடந்தது. முன்னால் போன பேருந்து அதன் மேல் ஏறிப் போனதால் நானும் போனேன். அதைத் தாண்டியதும் 'சர்ர்' என்று கார்ப்பெட்டியின் அடியில் ஏதோ உரசும் சத்தம். பிறகு வறுத்த பயறு வாசனை. நன்றாக இருக்கிறதே என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அதற்குள் களத்து ஓரத்தில் முறத்தோடு உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து ஓடிவந்து கையை ஆட்டினார்.

"அண்ணாச்சி, வண்டிய அணைங்க! அம்மாவ எறக்குங்க மொதல்ல. அடியில பொகையுது."

இறங்கிப் பார்த்தால் இடது முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் அச்சில் கொடி கயிறாக முறுக்கிக்கொண்டு, நுனிகள் கருகி, நூல் நூலாகப் புகை வந்துகொண்டிருந்தது. அவர் குடத்துத் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். புகை நின்று சூடு தணிந்ததும், வைத்திருந்த அரிவாளால் கொடியை அறுத்து இழுத்தார். இரண்டு கை கொள்ளும் அளவுக்கு வந்தது. அதற்குப் பிறகு என் காரில் இரண்டு லிட்டர் தண்ணீரும் ஒரு சிறிய கத்தியும் எப்போதும் இருக்கின்றன.

நீங்கள் செய்ய வேண்டியது: பேருந்தையும் லாரியையும் பார்த்து முடிவெடுக்காதீர்கள், அவற்றின் அடிப்பாகம் உயரம். செடி மெல்லிசாகப் பரவியிருந்தால் இரண்டாவது கியரில் நிற்காமல் மெதுவாகக் கடந்து, கடந்ததும் இறங்கி அடியில் பாருங்கள். முழங்கால் உயரத்துக்குக் கிடந்தால் நிறுத்தி, ஒதுக்கிவிடும்படி கேளுங்கள். கேட்டால் மறுக்காமல் ஒதுக்கித் தருகிறார்கள். காய்ந்த செடியின் மேலோ வைக்கோலின் மேலோ காரை நிறுத்தி வைப்பது எக்காலத்திலும் கூடாது.

7. ஆடு, மாடு, கோழி, மயில்

ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு வழக்கம் உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் பாதி ஆபத்து போகும்.

மாடு முன்னோக்கி நடக்கும். ஆகவே எப்போதும் அதன் வால் பக்கமாகக் கடந்து போங்கள். எருமைக்கு ஹாரன் அடித்துப் பயனில்லை, அது நின்று திரும்பிப் பார்க்கும். மழைக்கால இரவில் மாடுகள் தாரின் சூட்டுக்காகச் சாலை நடுவிலேயே படுத்திருக்கும். கறுப்பு மாடு இருபது அடிக்கு முன்னால்கூடத் தெரியாது. தாய் ஆடு சாலையைக் கடந்துவிட்டால், அது வந்த பக்கத்தைப் பாருங்கள்: குட்டி அங்கே நிற்கும், தாய் கத்தியதும் உங்கள் சக்கரத்தை நோக்கி ஓடிவரும். மந்தையில் ஒன்று கடந்தால் எல்லாம் கடக்கும்; மேய்ப்பவர் கோலை உயர்த்திக் காட்டும் வரை நகர வேண்டாம். கோழி பாதி தூரம் போய்த் திரும்பி வரும். மயில் பக்கத்து வயலிலிருந்து கண்ணாடி உயரத்துக்குத் தாழப் பறந்து வரும், பின்னாலேயே இன்னொன்றும் வரும்.

எந்த விலங்குக்காகவும் ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிக்காதீர்கள். நேர்க்கோட்டில் பிரேக் பிடியுங்கள். எங்கள் ஊர்ச் சாலைகளில் தாரின் விளிம்புக்கும் மண்ணுக்கும் இடையே அரை அடிப் பள்ளம் இருக்கும் இடங்கள் அதிகம். ஒரு சக்கரம் அதில் இறங்கிவிட்டால், பதறி மேலே ஏற்றக்கூடாது; வேகத்தைக் குறைத்து, நின்று, பிறகு ஏற்றுங்கள்.

8. விளக்கும் கையும் சொல்வதை வாசிப்பது

வெளிநாட்டில் ஓட்டிப் பழகியவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்க வேண்டும். எதிரே வரும் வண்டி முகப்பு விளக்கை மின்னினால், இங்கே அதன் பொருள் 'நான் வருகிறேன், நீ நில்' என்பதுதான். 'நீ போ' என்று எடுத்துக்கொண்டு குறுக்கே நுழைந்தால் விபத்து நிச்சயம். முன்னால் போகும் லாரி வலது இண்டிகேட்டரைப் போட்டால் 'என்னைக் கடந்து போ' என்றும் இருக்கலாம், 'நான் வலது பக்கம் திரும்புகிறேன்' என்றும் இருக்கலாம். வலது பக்கத்தில் பெட்ரோல் பங்கோ கிளைச்சாலையோ உணவகமோ இருந்தால் திரும்புகிறது என்றே கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் கடக்க வேண்டாம்.

டி.வி.எஸ். 50-ல் போகிறவரின் சுமையைப் பாருங்கள். குறுக்காக வைத்த குழாய், ஏணி, தென்னை ஓலைக் கட்டு ஆகியவை அவர் உடலைவிட நான்கு மடங்கு அகலம். அவர் தலையைத் திருப்பினால் வண்டியும் அந்தப் பக்கம் சாயும். மினி பஸ் கையைக் காட்டும் இடத்திலெல்லாம் நிற்கும், அதனால் அதன் பின்னால் போகும்போது பஸ்ஸைவிடச் சாலையோரம் நிற்கும் மனிதர்களின் கையைக் கவனியுங்கள். தெருவிலிருந்து பிரதான சாலைக்கு வரும் இருசக்கர வண்டி நிற்காது. நிற்க வேண்டும் என்பது விதி; நின்றதாக நான் பார்த்தது மிகக் குறைவு. நான்கு வழிச் சாலையிலும் இடது ஓரத்தில் எதிர்த்திசையில் டிராக்டர் வரும்.

வேகத்தடைகள் தனிக் கதை. இந்தியச் சாலைப் பேராயத்தின் வரையறைப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உள்ள மெல்லிய வளைவாக இருக்க வேண்டும். விபத்து நடந்த மறுநாள் ஊர்க்காரர்களே சிமெண்டில் போட்டது முழங்கையளவு அகலத்தில் செங்குத்தாக நிற்கும், வண்ணமும் இருக்காது. பள்ளிக்கூடம், கோவில், ஊர்ப்பெயர்ப் பலகை ஆகிய மூன்றில் எதைக் கண்டாலும் வேகத்தடை உண்டு என்று கருதி 20-க்குக் குறைத்துவிடுங்கள். முன்னால் போகும் வண்டியின் பிரேக் விளக்கு காரணமின்றி எரிந்தால் காரணம் இதுதான்.

9. ரயில்வே கேட்

கேட் மூடியதும் முதலில் வருபவர் இடது பக்கம் நிற்பார். அடுத்து வரும் ஆட்டோ அவருக்கு வலப்பக்கம் நிற்கும். இருசக்கர வண்டிகள் மீதி இடத்தை நிரப்பும். எதிர்ப்பக்கத்திலும் அப்படியே. செங்கோட்டை ரயில் போய்க் கேட் திறக்கும்போது, முழு அகலத்தில் நிற்கும் இரண்டு கூட்டங்கள் தண்டவாளத்தின் மேல் நேருக்கு நேர் சந்திக்கும்.

இதில் புதிய ஓட்டுநர் செய்ய வேண்டியவை மூன்றே. முதலாவது, இடது வரிசையிலேயே நில்லுங்கள், முன் வண்டிக்கும் உங்களுக்கும் ஒரு கார் நீளம் இடம் விடுங்கள். அந்த இடத்தில் இரண்டு ஸ்கூட்டர் நுழையும், நுழையட்டும். இரண்டாவது, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் உங்கள் காருக்கு முழு இடம் காலியாகும் வரை தண்டவாளத்தில் ஏறாதீர்கள். பின்னால் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் சரி. மூன்றாவது, முதல் கியரில் கடந்து முடியுங்கள், தண்டவாளத்தின் மேல் கியர் மாற்றி வண்டி அணைந்தால் கை நடுங்கி மறுபடி கிளப்ப நேரமாகும். கேட்டை ஒட்டி ஏற்றம் இருக்கும் இடங்களில் கைப்பிரேக்கைப் பிடித்து எடுக்கப் பயிற்சிக் காலத்திலேயே பழகிவிடுங்கள்.

10. இரவு

முதல் மூன்று மாதம் இரவில் ஊரைத் தாண்டி ஓட்டாமல் இருக்க முடிந்தால் இருங்கள். முடியாவிட்டால் 40-க்கு மேல் போக வேண்டாம். வைக்கோல் ஏற்றிய டிராக்டருக்குப் பின்விளக்கு இருக்காது. சுமை சாலையில் முக்கால்வாசியை எடுத்துக்கொள்ளும். எதிர் வெளிச்சம் கண்ணைப் பறித்தால் அதைப் பார்க்காமல் இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்து, வேகத்தைக் குறையுங்கள். பதிலுக்கு நீங்களும் ஹைபீம் போட்டால் இருவருக்கும் கண் தெரியாது. காவல்துறைத் தடுப்புகள் வளைந்து வளைந்து போகும்படி வைக்கப்பட்டிருக்கும். ஒளிரும் பட்டை தேய்ந்துபோனவை பல.

11. வழி கேட்பதும் நிறுத்துவதும்

கைப்பேசி வரைபடம் காட்டும் குறுக்குவழி கார் நுழையாத தெருவாக இருக்கலாம். தெருமுனையில் நிறுத்திக் கேளுங்கள். எங்கள் பக்கத்தில் வழியைத் திசையில்தான் சொல்வார்கள்: "மேக்க போயி வடக்க திரும்புங்க." மலை மேற்கே இருக்கிறது, அது உங்கள் முன்னால் இருந்தால் மேற்கே போகிறீர்கள். "சோத்தாங்கைப் பக்கம்" என்றால் வலது, "பீச்சாங்கைப் பக்கம்" என்றால் இடது. "கார் போகுமா?" என்று சேர்த்துக் கேளுங்கள், கேட்டால்தான் சொல்வார்கள்.

தென்னை மரத்தடியில் நிறுத்தாதீர்கள். மதியம் மூடியிருக்கும் கடைக் கதவின் முன் நிறுத்தினால் நான்கு மணிக்குத் திறந்துவிடும். பக்கத்துக் கடையில் கைப்பேசி எண்ணைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

12. இடித்துவிட்டால்

ஆட்டையோ கோழியையோ இடித்துவிட்டால் நிறுத்தி இறங்குங்கள், உரிமையாளர் வரும் வரை இருங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரை வைத்து விலையை முடித்து, தொகையையும் தேதியையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுப் படமெடுத்துக்கொள்ளுங்கள். கார் சேதமாகியிருந்தால், நகர்த்துவதற்கு முன் நான்கு பக்கமும் படமெடுத்து அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

மனிதர்களுக்கு அடிபட்டிருந்தால் 108. வேறு எதுவும் அதன் பிறகுதான். காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு ஓட்டுநருக்கு விதிக்கும் கடமை. கூட்டத்தின் ஆத்திரத்தால் அங்கே நிற்க முடியாத நிலை வரலாம் என்பதையும் அதே பிரிவு கருத்தில் கொள்கிறது. அப்படி ஆனால் நேராகக் காவல் நிலையத்துக்குப் போய்ச் சொல்லுங்கள், வீட்டுக்குப் போகாதீர்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டுச் சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும், திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். உங்கள் வழியில் எந்தெந்த மருத்துவமனை இதில் இருக்கிறது என்பதை இப்போதே விசாரித்து, 108-ஓடும் தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஓடும் சேர்த்து ஒரு தாளில் எழுதி, அந்தப் பிளாஸ்டிக் உறையில் காகிதங்களுக்கு மேலே வையுங்கள்.